சுக்கான் இல்லாத படகு சொன்ன பேச்சு கேட்குமா?

கேள்வி: துபாயில் ஒரு முதலாளியின் ஸ்பீட் போட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இரண்டு டீசல் எஞ்சின், ஆர்னெசன் டிரைவ். கடலில் அம்பு மாதிரி பாய்கிறது. மரினாவுக்குள் (படகுகள் கட்டும் துறைக்குள்) வந்தால் மட்டும் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினாலும் நேராகப் போய் ஜெட்டியில் முட்டப் பார்க்கிறது. தப்பு என்னிடமா, படகிடமா?
(தூத்துக்குடி வாசகர், துபாயிலிருந்து)

பதில்: இரண்டு பேரிடமும் இல்லை. குனிந்து பின்பக்கம் பாருங்கள், அந்தப் படகுக்குச் சுக்கானே கிடையாது. ஊரில் ஃபைபர் போட்டில் லாங் டெயில் எஞ்சின் பிடித்திருப்பீர்களே, அதே கதைதான். ஆர்னெசன் டிரைவ் என்பது படகின் பின்சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ப்ரொப்பெல்லர் தண்டுதான். தண்டோடு சேர்த்து ப்ரொப்பெல்லரையே இடம் வலம் ஆட்டித் திருப்புகிறீர்கள், கைக்குப் பதிலாக ஹைட்ராலிக். ப்ரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளினால்தான் படகு திரும்பும். நீங்கள் பயத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு ஸ்டீயரிங்கைச் சுற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன் (நானும் ஆரம்பத்தில் அதைத்தான் செய்தேன், ஜெட்டி டயர் புண்ணியத்தில் பெயின்ட்டோடு போயிற்று). அந்த நேரத்தில் ஸ்டீயரிங் வெறும் அலங்காரம்.

மரினா வாசலிலேயே இரண்டு டிரைவையும் நேராக வைத்துவிட்டு ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அப்புறம் எல்லாம் கியர்தான். வலது எஞ்சின் முன்னால், இடது எஞ்சின் பின்னால் போட்டால் அணியம் (படகின் முன்பக்கம்) இடப்பக்கம் திரும்பும். மாற்றிப் போட்டால் வலப்பக்கம். த்ராட்டிலைத் தொடவே வேண்டாம், ஐடிலில் கியரைப் போட்டுப் போட்டு எடுத்தாலே போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்த ப்ரொப்பெல்லருக்கு ரிவர்ஸில் பலம் ரொம்பக் குறைவு. இலையின் முன்விளிம்பு கத்தி மாதிரி, பின்விளிம்பு தடிமனாக வெட்டிவிட்ட மாதிரி இருக்கும், முன்னால் ஓடுவதற்கென்றே செய்தது. போதாததற்கு ரிவர்ஸில் தள்ளுகிற தண்ணீர் படகின் பின்சுவரிலேயே மோதுகிறது. அதனால் கடைசி நிமிடத்தில் ரிவர்ஸ் போட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று வேகமாக உள்ளே வராதீர்கள்.

கேள்வி: (அவரேதான்) வேகத்தில் திருப்பும்போது ஒரு எஞ்சின் திடீரென்று கத்துகிறது, பின்பக்கம் வழுக்குகிறது. ஏன்?

பதில்: ஓடும்போது அந்த ப்ரொப்பெல்லரில் பாதிதான் தண்ணீரில் இருக்கிறது, மேல்பாதி காற்றில் சுற்றுகிறது. அதனால்தான் அத்தனை வேகம், பின்னால் அந்த நீர்த்தோகையும். படகு ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும்போது வெளிப்பக்கத்து ப்ரொப்பெல்லர் கொஞ்சம் மேலே எழும்பும். ஏற்கெனவே பாதிதானே உள்ளே இருந்தது, மிச்சப் பிடியும் போய்விடும், எஞ்சின் கத்தும்.

இங்கே ட்ரிம்தான் (டிரைவை மேலே ஏற்றி, கீழே இறக்குகிற வசதி) உங்கள் கியர் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவை இறக்கினால் இலை ஆழமாகப் பிடிக்கும், எஞ்சினுக்குப் பாரம் கூடும், பின்பக்கம் தூக்கி அணியம் தாழும். ஏற்றினால் பாரம் குறையும், ஆர்பிஎம் ஏறும். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் அளவுக்கு மீறி ஏற்றிவிட்டீர்கள். புறப்படும்போது எஞ்சின் மூச்சு வாங்கினால் கொஞ்சம் ஏற்றிப் பாரத்தைக் குறையுங்கள். திரும்புவதற்கு முன்னால், கவனியுங்கள், முன்னால், ட்ரிமை ஒரு பொட்டு இறக்கி, த்ராட்டிலைச் சற்றுத் தளர்த்தி, அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடுங்கள். பாதித் திருப்பத்தில் பயந்து த்ராட்டிலை ஒரேயடியாக மூடிவிடக் கூடாது. தள்ளுவிசை போனால் திருப்புகிற சக்தியும் போச்சு. அணியம் விழுந்து தண்ணீரைக் கவ்வும், பின்பக்கம் சுழன்று முன்னால் வரும், உள்ளே இருப்பவர் வெளியே போவார். கில் ஸ்விட்ச் (நீங்கள் விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும் சுவிட்ச்) கயிற்றை உடம்பில் மாட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறீர்களா?

ஒரு எஞ்சினோடு திரும்பி வர நேர்ந்தால் படகு ஒரு பக்கமாக இழுக்கும், பதறாதீர்கள். கீழ்பாதி இலை மட்டுமே தண்ணீரைத் தள்ளுவதால் அது பக்கவாட்டிலும் துடுப்புச் சக்கரம் மாதிரி நடக்கப் பார்க்கும். இரண்டும் எதிரெதிராகச் சுற்றும்போது ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: இந்த ஆர்னெசன் டிரைவை என் ஃபைபர் போட்டுக்கு மாட்ட முடியுமா?
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: வேண்டாம். மெதுவாகப் போகிற, வலையும் ஐஸும் ஏற்றுகிற படகில் அந்த ப்ரொப்பெல்லர் முழுசாக மூழ்கியே கிடக்கும், பாரத்தில் எஞ்சின் திணறும், டீசல்தான் தீரும். தவிர, அது பின்சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற சாமான். பின்னால் வலை இழுக்கிற உங்களுக்கு முதல் நாளே வேலை வைத்துவிடும்.