பீடிக்கடைக் கணக்கும் அல்காரிதமும்

அன்புள்ள சார்,

ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம் படிக்கிறேன். அம்மா பீடி சுற்றித்தான் படிக்க வைக்கிறார்கள். அல்காரிதம் (ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிமுறை) தெரியாதவன் புரோகிராமரே இல்லை என்கிறார் கல்லூரி சார். சென்னையில் வேலை பார்க்கும் பெரியம்மா மகன், அதெல்லாம் இன்டர்வியூவுக்கு மட்டும்தான், கிட், ரியாக்ட், டாக்கர் மாதிரி டூல்ஸைப் படி என்கிறான். கையில் இருப்பது ஒரு வருடம். எதை முதலில் பிடிப்பது? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் சொல்வது பாதி சரி. சார் சொல்வது முழுக்கச் சரி, ஆனால் அவர் சொல்லும் விதத்தில் யாருக்கும் அல்காரிதம் மேல் ஆசை வராது.

கணக்கு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இலை, தூள் வாங்கியது, சுற்றிக் கொடுத்தது, கடையில் கழித்தது எல்லாம் அம்மாவின் பாஸ்புக்கில் ஏறுகிறதல்லவா? அந்தப் பீடிக்கடைக்கு ஒரு புரோகிராம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 300 பேர், வருடத்துக்கு 300 நாள் என்றால் 90,000 வரி. ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் எவ்வளவு கூலி என்று வேண்டும். புதிதாக எழுதுகிறவர் பெரும்பாலும் ஒரு பெயரை எடுப்பார், ஒரு மாதத்தை எடுப்பார், 90,000 வரியையும் படிப்பார். அடுத்த மாதத்துக்கு மறுபடி முதல் வரியிலிருந்து. 300 பேர், 12 மாதம், 90,000 வரி: பெருக்கிப் பாருங்கள், 32 கோடியே 40 லட்சம் தடவை. பைத்தானில் ஓட விட்டுவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

இதையே மாற்றி எழுதலாம். வரிகளை ஒரே ஒரு தடவை படியுங்கள். பெயரையும் மாதத்தையும் சேர்த்து ஒரு சாவியாக்கி, அதன் கீழ் தொகையைக் கூட்டிக்கொண்டே போங்கள். 90,000 தடவையோடு வேலை முடிந்தது, கண்ணிமைக்கும் நேரம்தான். பைத்தானில் இதற்கு டிக்‌ஷனரி, உள்ளே இருப்பது ஹாஷ் டேபிள், அதாவது சாவியைக் கொடுத்தால் நேரே அதன் இடத்துக்குப் போகும் அமைப்பு. கணக்கப்பிள்ளை பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

வெப்பேஜ் கட்ட உதவும் ரியாக்டோ, புரோகிராமைப் பொட்டலமாக்கி எங்கும் ஓட வைக்கும் டாக்கரோ இதை உங்களுக்குச் சொல்லித் தராது. முதலில் எழுதிய புரோகிராமையும் டாக்கரில் போட்டு அழகாக ஓட விடலாம், அதே 32 கோடிதான். ‘சிஸ்டம் ஸ்லோ, பெரிய சர்வர் வாங்குவோம்’ என்று மீட்டிங்கில் பேசுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் ஆயுள் விஷயம். வெப்பேஜ் கட்டவென்று கூகுள் 2010இல் கொண்டுவந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸை மாங்கு மாங்கென்று படித்தவர்கள் உண்டு. 2021 முடிவோடு அதற்கான ஆதரவை கூகுளே நிறுத்திவிட்டது. போயிங்கில் வேலை பார்த்த பேயரும் மெக்ரைட்டும் 1970இல் சொன்ன பி-ட்ரீ இன்றும் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ்கள் எல்லாவற்றிலும் இண்டெக்ஸாக, அதாவது வரிகளைச் சட்டென்று தேடித்தரும் அட்டவணையாக, உட்கார்ந்திருக்கிறது. டேபிளில் எந்த நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் போட வேண்டும், எதில் போட்டால் வீண் என்பதை அதைப் படித்தவர் ஊகித்துவிடுவார்.

டூல்ஸ் எல்லாமே இப்படி உதிர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கோடில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் கிட், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது, இன்னும் அசையவே இல்லை. அதை இந்த வாரமே பழகுங்கள். ஃபைனல், ஃபைனல்2, ஃபைனல்_புதுசு என்று ஃபோல்டர் வைத்திருக்கும் ஆளோடு வேலை பார்ப்பது பெரும் அவஸ்தை. புரோகிராமை வரி வரியாக நிறுத்தித் தப்பைத் தேட உதவும் டீபக்கரைப் பிடித்து ஓட்டத் தெரிவதும் முக்கியம், அதை ஏனோ யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

வேலை என்றதும் உங்களுக்குச் சென்னை ஞாபகம் வரும். உங்களுக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலேயே ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி இருக்கிறது. அவர்களுடைய தேர்வு பற்றி சீனியர்களிடம் கேளுங்கள்: லூப், அர்ரே வைத்துச் சின்னச் சின்னப் புரோகிராம்கள், பிறகு டாக்சி புக்கிங் மாதிரி ஒன்றை மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுதாக எழுதச் சொல்வது என்று போகும். உங்கள் அண்ணன் பட்டியலில் உள்ள எதுவும் அங்கே கைகொடுக்காது.

ஆகவே பீடிக்கடைப் புரோகிராமை எழுதுங்கள், கிட்டில் வைத்து. ஹாஷ் டேபிள், சார்ட்டிங், பைனரி சர்ச், ட்ரீ, கிராஃப் இந்த ஐந்தையும் புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்தமாக எழுத வரும்வரை விடாதீர்கள். ஐநூறு கணக்கு போட்டேன் என்று லீட்கோட் பயிற்சித் தளத்தில் எண்ணிக்கை காட்டுவதெல்லாம் தேவையில்லை. ரியாக்டைக் கடைசி செமஸ்டர் விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம். டாக்கர் இப்போது வேண்டவே வேண்டாம், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கேட்டால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.