முதல் அச்சா, மறு அச்சா? பழைய ராக் இசைத்தட்டுகள்: கேள்வி பதில்

பீட்டில்ஸ், லெட் செப்பலின், பிங்க் ஃபிளாய்ட் காலத்து எல்.பி. தட்டுகளின் முதல் அச்சுகளைத் தேடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உறையைப் பார்த்து மயங்காமல் தட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. பதில்களில் அதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்னிடம் இருக்கிறது. 1973 என்று அச்சாகியிருக்கிறது. அப்படியானால் முதல் அச்சுதானே?

பதில்: அந்த ஆண்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது ஆல்பம் வெளியான ஆண்டு. பத்து ஆண்டு கழித்து அச்சிட்ட தட்டிலும் அதே 1973தான் இருக்கும். பிரிட்டிஷ் ஹார்வெஸ்ட் நிறுவன வெளியீடாக இருந்தால் (பட்டியல் எண் எஸ்.எச்.வி.எல். 804) லேபிளில், அதாவது தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாளில், உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். முதல் அச்சில் அந்த முக்கோணம் முழுக்க நீல நிறம் நிரம்பியிருக்கும். பின்னால் வந்தவற்றில் வெறும் கோடுதான். அடுத்து, இரண்டு பக்கமும் தட்டிலேயே பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண் 2 என்று முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சுவரொட்டிகளும் இரண்டு ஸ்டிக்கர்களும் உள்ளே இருந்தால் கூடுதல் மதிப்பு. அவை தொலைந்துபோயிருந்தாலும் முதல் அச்சு முதல் அச்சுதான்.

கேள்வி: மேட்ரிக்ஸ் எண் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? அதை எப்படிப் படிப்பது?

பதில்: இது ஒன்றைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே ஒரு வெற்று வளையம் இருக்கிறது. தட்டை ஒரு விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் எழுத்துகள் எழுந்து நிற்கும்.

அவை எப்படி வந்தன என்று தெரிந்தால் படிப்பது எளிது. ஒலிநாடாவிலிருந்து முதலில் ஒரு லாக்கர் தட்டில் தடம் வெட்டுகிறார்கள். அதன் மேல் உலோகம் படியவைத்து ஒரு எதிர்ப்படிவம் எடுக்கிறார்கள். அதிலிருந்து ‘மதர்’ என்னும் நேர்ப்படிவம். மதரிலிருந்து ஸ்டாம்பர்கள். ஸ்டாம்பர்தான் வினைலில் அழுந்தி உங்கள் கைக்கு வரும் தட்டை உண்டாக்குகிறது. தேய்ந்ததும் அதைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டுகிறார்கள். இந்தப் படிகளின் எண்கள்தான் அந்த வளையத்தில் இருப்பவை. அவற்றில் லாக்கரில் வெட்டிய தடத்தைக் குறிப்பதுதான் மேட்ரிக்ஸ் எண்.

பீட்டில்ஸ் தட்டுகளை அச்சிட்ட பிரிட்டனின் இ.எம்.ஐ. தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். மேட்ரிக்ஸ் எண் உங்களுக்கு நேர் கீழே வருமாறு தட்டைப் பிடியுங்கள். இடப்பக்கம் உள்ள எண் மதர் எண். வலப்பக்கம் உள்ள எழுத்துகள் ஸ்டாம்பர் எண். அவற்றை ‘கிராமஃபோன் லிமிடெட்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்திலுள்ள பத்து எழுத்துகளால் குறித்தார்கள்: ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8, கடைசி இரண்டு எழுத்துகளும் 9, 0. ஆக, வலப்பக்கம் ‘ஜி எச்’ என்றிருந்தால் அது 17ஆவது ஸ்டாம்பர். டெக்கா நிறுவனம் இதே வேலைக்கு ‘பக்கிங்ஹாம்’ என்ற சொல்லின் பத்து எழுத்துகளைப் பயன்படுத்தியது. ரோலிங் ஸ்டோன்ஸின் ஆரம்பகாலத் தட்டுகளை வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

கேள்வி: ஸ்டாம்பர் எண் குறைவாக இருந்தால் ஒலி நன்றாக இருக்குமா?

பதில்: சீக்கிரமே அச்சான தட்டு என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். கீறல் விழுந்த 3ஆம் ஸ்டாம்பரைவிடச் சுத்தமான 40ஆம் ஸ்டாம்பர் எனக்கு மேல்.

கேள்வி: அண்ணா, லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பத்தில் ‘ஆர்.எல்.’ இருக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்களே, ஏன்?

பதில்: ஆர்.எல். என்பது தடம் வெட்டிய ராபர்ட் லுட்விக் தன் கையால் கீறிய முதலெழுத்துகள். 1969இல் வெளிவந்த அந்த ஆல்பத்தின் அமெரிக்க அச்சுக்காக அவர் வெட்டிய தடம் மிக உரத்தது, அடித்தொனி நிறைந்தது. மலிவான ஒரு பிளேயரில் ஊசி தடத்தை விட்டுத் துள்ளியது என்றும், அதனால்தான் ஒலியைக் குறைத்து மறுபடி வெட்டினார்கள் என்றும் லுட்விக்கே சொல்லியிருக்கிறார். நல்ல ஊசியில் அந்த முதல் வெட்டைக் கேட்டால் டிரம் ஒலி நெஞ்சில் வந்து மோதும். மறுவெட்டில் அந்த வேகம் இல்லை.

உறையையும் லேபிளையும் வைத்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. வெற்று வளையத்தில் ஆர்.எல்., அதனுடன் ஸ்டெர்லிங் சவுண்ட் ஸ்டூடியோவைக் குறிக்கும் எஸ்.எஸ்., இரண்டும் வேண்டும். அதுவும் இரண்டு பக்கத்திலும் வேண்டும். ஒரு பக்கத்தின் படத்தை மட்டும் அனுப்புகிற விற்பனையாளரிடம் மறுபக்கத்தையும் கேளுங்கள்.

அவர்களுடைய முதல் ஆல்பத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே உறையே சாட்சி சொல்லும். 1969 மார்ச்சில் வந்த பிரிட்டிஷ் முதல் உறையில் எழுத்துகள் நீலப்பச்சை நிறம். பிறகு ஆரஞ்சுக்கு மாறிவிட்டது.

கேள்வி: பீட்டில்ஸின் ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’ உறையில் பழைய படத்தின் மேல் புதுப்படம் ஒட்டியிருப்பார்களாமே. என்னிடம் இருப்பதை உரித்துப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து உரிக்காதீர்கள்!

1966 ஜூனில் கேபிடல் நிறுவனம் அமெரிக்காவில் அனுப்பிய முதல் உறையில் நால்வரும் வெள்ளை அங்கி அணிந்து, இறைச்சித் துண்டுகளும் உடைந்த பொம்மைகளும் சூழ இருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்று, பல உறைகளின் மேல் ஒரு பெட்டியைச் சுற்றி அவர்கள் இருக்கும் சாதுவான படத்தை ஒட்டினார்கள். ஒட்டாதது முதல் நிலை, ஒட்டியது இரண்டாம் நிலை, உரித்தது மூன்றாம் நிலை என்று சேகரிப்பாளர்கள் பிரிக்கிறார்கள்.

பார்ப்பதற்கு உரிக்கத் தேவையில்லை. பெட்டிப் படத்தின் வலப்புறத்தில், நடு உயரத்தில், வெறும் வெள்ளையாக இருக்கிற இடத்தை நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். அடியில் பழைய படம் இருந்தால் ரிங்கோவின் கறுப்புச் சட்டை, வெள்ளை அங்கியின் கழுத்துத் திறப்பு வழியே, ஒரு மங்கலான முக்கோணமாகத் தெரியும். தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். உரிக்காத இரண்டாம் நிலை உறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. வெந்நீரும் ஆவியும் கொண்டு வீட்டில் உரித்து அடிப்படம் கிழிந்த உறைகளைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

கேள்வி: மோனோவா, ஸ்டீரியோவா, எதை வாங்கலாம்?

பதில்: ஒலி முழுதும் ஒரே வழியாக வருவது மோனோ, இடம் வலம் என இரண்டாகப் பிரிந்து வருவது ஸ்டீரியோ. 1967 வரை என்றால் தயங்காமல் மோனோ. அந்தக் காலத்தில் கலைஞர்கள் உட்கார்ந்து கவனித்துக் கலந்தது மோனோவைத்தான். ஆனால் எது அரிது என்பது வேறு கணக்கு. 1963இல் வந்த பீட்டில்ஸின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யின் கறுப்பும் தங்கமுமான பார்லஃபோன் நிறுவன லேபிளில் ஸ்டீரியோதான் மிக அரிது, ஏனென்றால் ஸ்டீரியோ கருவி வைத்திருந்தவர்கள் அப்போது குறைவு. சில ஆண்டுகளிலேயே நிலைமை தலைகீழாகிவிட்டது. 1968இல் வந்த பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பம் பிரிட்டனில் மோனோவிலும் கிடைத்தது, அமெரிக்காவில் ஸ்டீரியோ மட்டும்தான்.

கேள்வி: மறுபடி நான்தான், பிங்க் ஃபிளாய்ட் வைத்திருப்பவன். முக்கோணம் வெறும் கோடாகத்தான் இருக்கிறது. விற்றுவிடவா?

பதில்: ஏன் விற்க வேண்டும்? பின்னால் வந்த அச்சு என்பது குற்றமல்ல. தடம் சுத்தமாக இருந்தால் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பாப் டிலனின் ‘ஃப்ரீவீலின்’’ தட்டில் நீக்கப்பட்ட பாடல்கள் உள்ள பிரதியை எப்படி அறிவது?

பதில்: 1963இல் ‘டாக்கிங் ஜான் பிர்ச்’ உள்ளிட்ட நான்கு பாடல்களை எடுத்துவிட்டு வேறு நான்கைச் சேர்த்தார்கள். சில பிரதிகளில் பழைய பாடல்களின் பெயர்கள் அச்சில் இருக்கும், தட்டிலோ புதிய பாடல்கள். ஆகவே எழுத்தை நம்பாமல் ஊசியை வைத்துக் கேளுங்கள். அந்த நான்கு பாடல்களும் ஒலித்தால், அமெரிக்க ராக் சேகரிப்பின் மிக அரிய தட்டுகளில் ஒன்று உங்களிடம் இருக்கிறது.

கேள்வி: போலிகள் நிறைய வருமா?

பதில்: வரும். வீ-ஜே என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ‘இன்ட்ரொடியூசிங் தி பீட்டில்ஸ்’ பெயரில் உலவுபவற்றில் போலிகள் ஏராளம். லேபிளில் ஆல்பத்தின் பெயரும் குழுவின் பெயரும் நடுத்துளைக்கு மேலேயே இருக்க வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத் துளை அவற்றைப் பிரித்தால் போலி. மங்கலான உறைப்படமும் சந்தேகத்துக்குரியது, படத்தைப் படமெடுத்து அச்சிட்டிருப்பார்கள்.

கேள்வி: பளபளப்பாக இருந்தது என்று வாங்கினேன். போட்டால் கரகரக்கிறது. கழுவினாலும் போகவில்லை. ஏன்?

பதில்: பழைய கனமான ஊசி தடத்தின் சுவரையே தேய்த்திருக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது, கழுவினாலும் போகாது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும், குரல் உயரும் இடங்களிலும்தான் முதலில் வெளிப்படும். கண்ணால் பார்த்துத் தரம் சொன்னாரா, போட்டுக் கேட்டுச் சொன்னாரா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். கடைசிப் பாட்டின் ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பச் சொல்வதில் தவறே இல்லை.

கேள்வி: ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ உறையில் உண்மையான ஜிப் இருக்கிறது. மற்ற தட்டுகளோடு எப்படி வைப்பது?

பதில்: 1971இல் கடைகளுக்கு அனுப்பியபோதே வந்த சிக்கல் இது. அடுக்கின் பாரத்தில் ஜிப்பின் பிடி தட்டில் அழுந்தி வடு உண்டாக்கியது. ஜிப்பைப் பாதி இறக்கி, பிடி லேபிளின் மேல் படுமாறு அனுப்பித்தான் சமாளித்தார்கள். நீங்களும் ஜிப்பைப் பாதி இறக்கியே வையுங்கள். தட்டை உறையிலிருந்து எடுத்துத் தனி வெள்ளை உறையில் போட்டு, ஜிப் இல்லாத பின்பக்கத்தில் சேர்த்து வையுங்கள். ஜிப் இருக்கும் பக்கத்தில் வேறு தட்டு ஒட்டாதபடி கெட்டி அட்டை ஒன்று செருகுங்கள். நிற்கவைத்துத்தான் அடுக்க வேண்டும், இறுக்கக் கூடாது. வெளியுறைக்கு பி.வி.சி. பிளாஸ்டிக் வேண்டாம், நாளடைவில் அது வினைலில் புகை படிந்தாற்போல் கறை ஏற்றிவிடும். பாலித்தீன் உறை போதும்.