முக்கோணத்தில் என் மூலை

வணக்கம்.

குடும்பத்தை ஒரே உறவு வலையாகப் பார்க்கும் குடும்ப அமைப்புக் கோட்பாடு பற்றி நீங்கள் எழுதிவருவதைப் படித்து, பிறகு இணையத்தில் ஒரு பயிற்சி வகுப்பும் முடித்தேன். வயது 43. மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனோடு சென்னையில் இருக்கிறேன். சொந்த ஊர் தேனிப் பக்கம். அப்பா 2021இல் தவறிவிட்டார். அடுத்த வருடமே பாகப்பிரிவினையில் எனக்கும் தம்பிக்கும் மனக்கசப்பாகி, இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. அம்மா தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். தினமும் இரவு 9 மணிக்கு ஃபோன் செய்து தம்பி மனைவியைப் பற்றிக் குறை சொல்வார். ஃபோனை வைக்கும்போது என் மனைவியின் முகம் மாறியிருக்கும்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஜெனோகிராம், அதாவது தலைமுறைகளின் உறவுகளைக் காட்டும் குடும்பப் படம், வரைந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். “நீ முக்கோணம் போடுறம்மா”, அதாவது இருவர் பிரச்சினைக்குள் மூன்றாமவரை இழுக்கிறாய், என்று அம்மாவிடம் சொன்னேன். டிஃபரன்ஷியேஷன் (உறவை விடாமலே தன் நிலையில் நிற்கும் திறன்) அளவுகோலில் நீ 35தான் இருப்பாய் என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டு வாரமாக வீட்டில் யாரும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அம்மா ஃபோன் செய்வதையே நிறுத்திவிட்டார். மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி வேறு.

எங்கே தவறினேன்? தனிமனிதனை முன்னிறுத்தும் இந்த அமெரிக்கக் கோட்பாடு நம் குடும்பங்களுக்குப் பொருந்துமா? அடுத்த மாதம் அப்பாவின் திதி, சுருளியில். தம்பியும் வருவான்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த 35. இந்தக் கோட்பாட்டை உருவாக்கிய அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் பூஜ்யத்திலிருந்து 100 வரை ஒரு கோடு போட்டது உண்மை. ஆனால் அது காய்ச்சல் பார்க்கும் கருவி அல்ல. ஒருவர் நல்ல காலத்திலும் நெருக்கடியிலும் பல வருடங்கள் எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்தால்தான் அவர் அந்தக் கோட்டில் ஏறக்குறைய எங்கே நிற்கிறார் என்று ஊகிக்கவாவது முடியும். 1998இல் ஸ்கோரன், ஃப்ரீட்லாண்டர் என்ற இரு உளவியலாளர்கள் இதற்கென 43 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார்கள். அதையும் அவரவர் தனக்காகத்தான் நிரப்ப வேண்டும். இன்னொன்றும் உண்டு: ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பவர்கள்தான் ஒருவரையொருவர் மணந்துகொள்கிறார்கள் என்பது போவனின் கருத்து. மனைவிக்கு 35 போட்டபோது உங்களுக்கும் அதையே போட்டுக்கொண்டீர்கள்.

நீங்கள் தவறிய இடம் இதுதான். கோட்பாட்டை உங்கள் பக்கம் திருப்பாமல் அவர்கள் பக்கம் திருப்பினீர்கள். “நீ முக்கோணம் போடுற” என்பது பார்க்க ஆய்வுமொழி போலிருந்தாலும் அம்மா காதில் “நீதான் குடும்பத்தைக் கெடுக்கிற” என்றே விழுந்திருக்கும். அவருக்குக் கேட்டதில் பிழையில்லை.

போவன் 1954 முதல் 1959 வரை அமெரிக்காவின் பெதஸ்டாவில், மனச்சிதைவு நோயாளிகளோடு அவர்களுடைய குடும்பத்தாரையும் மருத்துவமனையிலேயே தங்கவைத்துக் கவனித்தார். அங்கே கிடைத்த பாடங்களில் ஒன்று, பதற்றமான குடும்பத்தின் அருகே போகும் டாக்டரும் நர்ஸும்கூடக் கட்சி கட்டத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது. பிறகு அவர் டென்னஸியில் இருந்த தன் சொந்தக் குடும்பத்திலேயே இதைச் செய்து பார்த்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் அவர். 1967இல் ஃபிலடெல்ஃபியாவில் ஆய்வாளர்கள் கூட்டமொன்றில் அதை விவரித்தார். 1972இல் அச்சேறியபோது கட்டுரையில் பெயர் போடவில்லை. ஊருக்குப் போவதற்கு முன் கடிதங்கள் எழுதிக் குடும்பத்தைக் கிளறிவிட்ட அவருடைய உத்தியை மட்டும் நீங்கள் தொடவே வேண்டாம். பல வருடம் பயின்றவருக்கே அது கத்திமேல் நடை. கவனிக்க வேண்டியது வேறொன்று: அங்கே அவர் யாருக்கும் கோட்பாட்டைப் பாடம் நடத்தவில்லை.

நம் குடும்பத்துக்குப் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம்மூரில் சொல்கிறோமே, டிஃபரன்ஷியேஷன் என்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். தாயும் பிள்ளையுமாகவே இருந்துகொண்டு, வயிறு வேறு என்று தெரிந்திருப்பது. தனிக்குடித்தனம் போவதோ தொடர்பைக் குறைப்பதோ அல்ல. தொடர்பை அறுத்துக்கொள்வதை போவன் கணக்கு தீராத பிணைப்பின் அடையாளமாகத்தான் பார்த்தார். தம்பியோடு பேசாமல் இருப்பதால் நீங்கள் அவரிடமிருந்து விடுபட்டுவிடவில்லை. இரவு 9 மணிக்குத் தினமும் அவர் உங்கள் வீட்டுக்கு வந்துபோகிறார். ஒரே கூரையின் கீழ் பத்துப் பேரோடு இருந்தும் தன் கருத்தைப் பதறாமல் சொல்லத் தெரிந்த அத்தைகளை நாம் பார்த்ததில்லையா?

கோட்பாட்டில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. குடும்பத்துக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதிகாரம் சமமில்லை என்பதைக் குடும்பச் சிகிச்சைக்காரர்கள் கண்டுகொள்வதில்லை என்று 1978இலேயே உளவியலாளர் ரேச்சல் ஹேர்-மஸ்டின் எழுதினார். அது நியாயமான விமர்சனம். அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் “இதில் என் பங்கு என்ன” என்று பாதிக்கப்பட்டவரைக் கேட்கச் சொல்வது அநியாயம். அங்கே முதல் வேலை பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181க்கு அழைக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால் மேலே போகிறேன்.

ஜெனோகிராமைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, உங்களுக்காக மட்டும் ஒரு பெரிய சார்ட் தாளில் மறுபடி வரையுங்கள். சதுரம் ஆண், வட்டம் பெண், இறந்தவருக்குள் பெருக்கல் குறி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் நடந்த கல்யாணங்களுக்கு இரட்டைக் கோடு போடுங்கள். நம் குடும்பங்களில் இந்த இடத்தில்தான் படம் சிக்கலாகும்: ஒரே ஆள் ஒருவருக்கு மாமனாரும் தாய்மாமனுமாக இருப்பார். பிறந்தவீட்டுச் சண்டை அந்த வழியாக நேராகப் புகுந்தவீட்டுக்கு வந்துவிடும்.

கோடுகளைவிட முக்கியம் தேதிகள். பிறப்புக்குப் பள்ளிச் சான்றிதழை நம்பாதீர்கள். சேர்க்கைக்காக மாற்றிக் கொடுத்த தேதிகள் ஏராளம். ஜாதகம் இருந்தால் அதைப் பாருங்கள். சொத்துக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம். உறவுக்கு மொய் நோட்டு. உங்கள் கல்யாணம், தம்பி கல்யாணம், காதுகுத்து ஆகியவற்றின் மொய் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் தாய்மாமன் வரிசையில் முதலாவதாக இருக்கும் பெயர் அடுத்ததில் இல்லையென்றால், இடைப்பட்ட வருடங்களில் என்ன நடந்தது என்று விசாரிக்க ஒரு நூல் கிடைத்துவிட்டது. அப்பா தலைமுறையிலும் இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு சாவுக்குப் பிறகு பேசாமல் போனார்களா என்று குறிப்பாகப் பாருங்கள். குடும்பத் தலைவர் ஒருவர் இறந்தபின் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சம்பந்தமில்லாத இடங்களிலெல்லாம் விரிசல் கிளம்புவதை போவன் அதிர்ச்சி அலை என்று வர்ணித்தார். உங்கள் கடிதத்திலேயே 2021க்கு அடுத்து 2022 வருகிறது. சண்டை சொத்துக்காக மட்டும்தானா என்று அந்தத் தாளைப் பார்த்தபடி யோசியுங்கள்.

இனி அம்மா. அவர் ஃபோன் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே கூப்பிடுங்கள். இரவு 9 மணிக்கு வேண்டாம். காலை 11 மணிவாக்கில், பத்து நிமிடம், வாரத்தில் மூன்று நாள். “அன்னைக்கு நான் அப்படிப் பேசினது தப்பும்மா” என்று ஒரே வரி. விளக்கம் கூடாது. எப்போதும் அம்மாவே கூப்பிட்டால், மகனிடம் பேச அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. மருமகள் மேல் குறை அந்தக் காரணமாகிவிடுகிறது. நீங்கள் கூப்பிட்டால் அவருக்குக் காரணம் தேவைப்படாது.

அப்படியும் குறை வரும். உதாரணமாக, “ரெண்டு நாளாக் காச்சல்ல கெடக்கேன், ஒரு வாய்க் கஞ்சி வேணுமான்னு எட்டிப் பாத்தாளா அவ?” என்பார். “நீ ஏன்மா அவகிட்ட எதிர்பாக்குற” என்றால் தம்பி மனைவிமேல் குற்றத்தை உறுதி செய்துவிட்டீர்கள். “அவளுக்கும் வேலை இருக்கும்ல” என்றால் அம்மாவுக்கு எதிர்க்கட்சி. “ம்ம்” என்று கேட்டுக்கொண்டால் நாளைக்கும் அதுவே தொடரும். ஊரில் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு “போய்ப் பாரேன்” என்றால் மூன்று மூலை நான்காகிவிட்டது. அந்த வாக்கியத்தில் உங்களுக்குச் சொந்தமான பகுதி காய்ச்சல் மட்டும்தான். “இப்ப எப்படிம்மா இருக்கு? மாத்திரை போட்டியா? கஞ்சி யாரு வெச்சா?” என்று கேளுங்கள். பிறகு ஒரே ஒரு முறை, குரலை உயர்த்தாமல், “எட்டிப் பாக்கலங்கறத தம்பிகிட்ட சொன்னியாம்மா?” அவர் “அவன்கிட்ட எங்க பேச” என்றால் “சரிம்மா” என்று காய்ச்சலுக்கே திரும்பிவிடுங்கள். “போய்ப் பேசு, பேசு” என்று வற்புறுத்தினால், மற்ற இருவருக்கு நடுவிலுள்ள உறவை மறுபடி நீங்கள் மேய்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதைப் பழக மூன்று வாரம் ஒரு சின்ன நோட்டில் நான்கு பத்தி போட்டு எழுதுங்கள்: எப்போது, யாரோடு பேசினேன், அங்கே இல்லாத யாரைப் பற்றிப் பேச்சு வந்தது, அப்போது நான் என்ன செய்தேன். நான்காவது பத்தியில் உடம்பையும் எழுதுங்கள். தாடை இறுகியதா, குரல் ஏறியதா, தூக்கம் வந்ததா. பதற்றம் புத்திக்குத் தெரிவதற்கு முன் தாடைக்குத் தெரிந்துவிடுகிறது.

நீங்கள் மாறினால் குடும்பம் சும்மா இருக்காது. போவன் சொல்லும் வரிசை இது: நீ செய்வது தப்பு, பழையபடி இரு, இல்லாவிட்டால் விளைவு இது. நம்மூர்ப் பேச்சில் முதலாவது “பட்டணம் போய் மாறிட்டான்” என்று வரும், இரண்டாவது “முன்னல்லாம் எம்புட்டுப் பாசமா இருந்த”, மூன்றாவது “இனிமே ஒனக்கு நான் ஃபோனே பண்ணல.” இந்த மூன்றும் பெரும்பாலும் உங்களைத் தாண்டி உங்கள் மனைவி தலையில் இறங்கும், “அவ சொல்லிக்கொடுக்கா” என்று. அதனால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோட்பாட்டை அல்ல, செய்யப்போவதை: “வாரத்துல மூணு நாள் காலைல நானே அம்மாவக் கூப்பிடப் போறேன். தம்பி வீட்டுக் கதை வந்தா நான் அதுல போக மாட்டேன். பழி ஒம்மேல வரலாம், வந்தா இது என் முடிவுன்னு நான் சொல்லிக்கிறேன்.” அந்த 35க்கு ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. நான்-நிலை, அதாவது என் நிலைப்பாட்டையும் நான் செய்யப்போவதையும் மட்டும் சொல்வது, என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பலர் அதை “நீ இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது” என்று மற்றவருக்குப் போடும் உத்தரவாக்கிவிடுகிறார்கள். எழுவாய் நான் என்றிருந்தால் போதாது, பயனிலையும் நான் செய்வதாக இருக்க வேண்டும்.

இன்னொரு பிழையும் சகஜம்: அமைதியாக இருக்கிறேன் என்று மரக்கட்டை போல இருப்பது. பதற்றம் இல்லாமலிருப்பதற்கும் பாசம் இல்லாமலிருப்பதற்கும் வித்தியாசம் எதிரே இருப்பவருக்கு நொடியில் தெரிந்துவிடும்.

மகனின் வயிற்றுவலிக்கு முதலில் டாக்டரைப் பாருங்கள். உடம்பில் காரணம் இல்லையென்று தெரிந்தபின், உங்கள் நோட்டில் ஐந்தாவது பத்தி ஒன்று சேருங்கள்: அன்று இரவு நான் அவனுடைய கணக்கு நோட்டை எடுத்தேனா? 9 மணி ஃபோனுக்குப் பிறகு 9.30க்கு அவன் மார்க்கைப் பற்றிய விசாரணை நடந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பெரியவர்கள் தங்களுக்குள் தீர்க்காத பதற்றம் ஒரு பிள்ளைமேல் அக்கறையாக இறங்குவதை ஃபேமிலி ப்ரொஜெக்‌ஷன் என்கிறார்கள். அக்கறை வேஷத்தில் வருவதால்தான் அதைக் கண்டுபிடிப்பது கடினம். அப்படி நடந்திருந்தால், அந்த நாட்களில் கணக்கு நோட்டைத் தொடாதீர்கள். அதற்குப் பதிலாக அவனிடம் பாட்டி வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கவும் வேண்டாம்.

கடைசியாகத் திதி. சடங்குக்கு மட்டும் போய்வந்தால் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம், எதுவும் நடக்காது. முடிந்தால் ஒருநாள் முன்னால் தனியாகப் போங்கள். தம்பியை அம்மா இல்லாத இடத்தில் பாருங்கள். டீக்கடை போதும், அரைமணி நேரம் போதும். வீடு, தோட்டம், பத்திரம் வேண்டாம். சமாதானமும் கேட்க வேண்டாம். கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடி வந்துவிடும். அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள். கடைசி மாதங்களில் பக்கத்தில் இருந்தது அவர்தானே. அவர் குத்தலாகப் பேசினால் பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். எழுந்து போனால், “சரிப்பா, நாளைக்குப் பாப்போம்” என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த தடவைக்கு இடம் வைப்பது அந்த “நாளைக்கு”தான். ஒரே பயணத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு பெரிய பேச்சைவிட வருடத்துக்கு நான்கு சின்னச் சந்திப்புகள் வேலை செய்யும்.

அன்று மாலை அம்மா “தம்பி என்ன சொன்னான்?” என்று நிச்சயம் கேட்பார். “அப்பாவப் பத்திப் பேசிட்டிருந்தோம்மா” என்று சொல்லிவிட்டு, அவர் சமைத்திருப்பதைத் தட்டில் போடச் சொல்லிச் சாப்பிட உட்காருங்கள்.