கிராபிக்ஸ் கார்டில் கம்பெனி மாறலாமா? பாண்டி, கடலூர் கேமர்களின் கேள்விகளும் பதில்களும்

என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்குப் போகலாமா, ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கு வரலாமா, இன்டெல் கார்டை நம்பலாமா என்று பாண்டி, கடலூர் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. நான் புதுச்சேரியில் சிஸ்டம் அசெம்பிள் செய்வதும் சர்வீஸ் செய்வதுமாக இருப்பவன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

லாஸ்பேட்டை: அண்ணா, என்னிடம் ஜிடிஎக்ஸ் 1060 6ஜிபி, ஐ5 8400 ப்ராசஸர். என்விடியா இதற்கு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) விடுவதை நிறுத்திவிட்டதாமே? இப்படிக் கைவிடுகிற கம்பெனியே வேண்டாம், ஏஎம்டிக்குப் போய்விடலாம் என்று பார்க்கிறேன்.

தம்பி, செய்தி உண்மைதான். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு சரியில்லை. 1060 வந்தது 2016இல். 2025 அக்டோபரோடு அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் நின்றது. பாதுகாப்புக்கான அப்டேட் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2028 அக்டோபர் வரை வரும். ஒன்பது வருடத்துக்கு மேல் ஒரு கார்டுக்கு டிரைவர் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கைவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏஎம்டி பக்கம் இதற்குப் போட்டியாக இருந்த ஆர்எக்ஸ் 580, 2017இல் வந்தது. 2023லேயே அதற்கான அப்டேட்டைக் குறைத்துவிட்டார்கள். ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைகளையும் 2025 கடைசியில் தனி டிரைவர் கிளைக்கு மாற்றினார்கள். அதற்குக் கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்து, புது கேம் ஆதரவு தொடரும் என்று விளக்கமும் கொடுத்தார்கள். டிரைவர் எத்தனை வருடம் வரும் என்பது மட்டும்தான் உங்கள் கவலை என்றால், இதுவரையிலான கணக்கில் என்விடியாதான் முன்னால் நிற்கிறது.

அதற்காக ஏஎம்டி வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. எந்தக் கம்பெனி என்பதைவிட எந்தத் தலைமுறை என்று பாருங்கள். இன்று புதுசாக வாங்குவதென்றால் ஆர்எக்ஸ் 9000 வரிசை, அல்லது ஆர்டிஎக்ஸ் 50 வரிசை. உங்கள் 1060 இன்னும் ஓடும், பழைய கேம் எல்லாம் ஆடலாம். ஆனால் டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) வசதி கார்டிலேயே இருந்தால்தான் திறப்பேன் என்கிற கேம்கள் வந்துவிட்டன. அதற்கு எந்த டிரைவரும் உதவாது.

இன்னொரு விஷயம். உங்கள் போர்டில் கார்டைச் சொருகும் இணைப்பு பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ அதில் 8 லேன் (தகவல் போகும் பாதை) மட்டும் எடுக்கும் கார்டு, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 லேன் முழுதாக எடுக்கும். பழைய போர்டில் போடுவதற்கு 9060 எக்ஸ்டி ஒரு படி பொருத்தம். இரண்டிலுமே 8ஜிபி, 16ஜிபி என்று ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறது. டப்பாவைத் திருப்பிப் பார்த்து 16ஐ வாங்குங்கள். நாளைக்கு ப்ராசஸரும் மாற்ற வேண்டி வரும், அதையும் மனதில் வையுங்கள்.

அரியாங்குப்பம்: ஜிடிஎக்ஸ் 1050 டிஐயைக் கழற்றிவிட்டு ஆர்எக்ஸ் 6600 போட்டேன். அன்றிலிருந்து கேம் நடுவில் ஸ்க்ரீன் கறுப்பாகிவிடுகிறது, 'டிரைவர் டைம்அவுட்' என்று வருகிறது. ஏஎம்டி டிரைவர் மோசம் என்று எல்லோரும் சொன்னது சரிதானா?

என்னிடம் அதிகம் வருவது இந்தக் கேஸ்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டிரைவர். கம்பெனி மாறும்போது பழைய டிரைவரை கன்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது, மிச்சம் மீதி உள்ளே கிடக்கும். அதைத் துடைக்க டிடியூ (Display Driver Uninstaller) என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதையும் 6600க்கான ஏஎம்டியின் புது அட்ரினலின் டிரைவரையும் முதலிலேயே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நெட்டைத் துண்டியுங்கள். லேன் கேபிள் என்றால் பிடுங்கிவிடுங்கள், வைஃபை என்றால் அணையுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நெட் இருந்தால் நீங்கள் சுத்தம் செய்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தானாகவே ஒரு பழைய டிரைவரை இறக்கிப் போட்டுவிடும். சேஃப் மோடில் போய் டிடியூவில் என்விடியாவை ஒருமுறை, ஏஎம்டியை ஒருமுறை சுத்தம் செய்து, சாதாரணமாக ஆன் செய்து, புது டிரைவரைப் போட்ட பிறகு நெட்டைக் கொடுங்கள்.

இதற்கப்புறமும் கறுப்பு ஸ்க்ரீன் வந்தால் சிஸ்டத்துக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டியை, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்தானே? பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கும். அதை விடுங்கள். கீழே சின்னக் கட்டங்களில் +12V என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இந்த மாதிரி எஸ்எம்பிஎஸ்களில் 16 ஆம்பியர் என்று இருப்பதை நான் சர்வசாதாரணமாகப் பார்க்கிறேன். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். கார்டும் ப்ராசஸரும் கரன்ட் எடுப்பது இந்த 12 வோல்ட் லைனில்தான். 6600 ஒன்றே 132 வாட் இழுக்கும். 65 வாட் ப்ராசஸர் ஒன்றைச் சேர்த்தாலே 197 ஆகிவிட்டது, ஃபேனும் ஹார்டு டிஸ்க்கும் தனி. உங்கள் 1050 டிஐ 75 வாட் கார்டு, அதனால் இத்தனை நாள் தாக்குப்பிடித்தது. இங்கே ஏஎம்டி டிரைவர் என்ன செய்யும், பாவம்?

எஸ்எம்பிஎஸ்ஸும் சரி என்றால் ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து ஒரு நாள் ஆடிப் பாருங்கள், பயாஸை (மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள். ஒரே ஒரு கேமில் மட்டும் வருகிறது என்றால் அட்ரினலினில் ஷேடர் கேஷை (கேமுக்காகச் சேமித்து வைத்த தற்காலிக ஃபைல்கள்) ரீசெட் செய்யுங்கள், கேம் மேல் தெரியும் ஓவர்லேயை நிறுத்துங்கள். இவ்வளவும் செய்து, வேறொரு நல்ல சிஸ்டத்தில் போட்டும் அதே தகராறு என்றால் கார்டில்தான் பழுது. வாரன்டிக்கு அனுப்புங்கள்.

ஏஎம்டி டிரைவருக்குக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. 2019இல் வந்த ஆர்எக்ஸ் 5700 வரிசையில் கறுப்பு ஸ்க்ரீன் தொல்லை நிஜமாகவே இருந்தது, ஏஎம்டியே ஒப்புக்கொண்டு சரிசெய்தது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 2025இல் வந்த புதிதில் என்விடியா டிரைவரிலும் இதே கறுப்பு ஸ்க்ரீன் புகார் வந்தது, அடுத்தடுத்து திருத்தம் விட்டார்கள்.

வில்லியனூர்: ஐ5 10400எஃப், ஜிடிஎக்ஸ் 1650, 8ஜிபி ரேம் ஒன்று. வேலரன்ட் ஆடும்போது சண்டை நேரத்தில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) பாதியாகிறது. ஏஎம்டி கார்டு போட்டால் சரியாகுமா?

கார்டு மாற்ற வேண்டாம். வேலரன்ட் ப்ராசஸரையும் ரேமையும் நம்பி ஓடுகிற கேம். எஃப்பிஎஸ் விழுகிற நேரத்தில் கார்டின் உபயோகம் எத்தனை சதவீதம் என்று ஸ்க்ரீனில் வைத்துப் பாருங்கள். 60, 70இல் நின்றால் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒற்றை ரேம் இருப்பதால் டூயல் சேனல் (இரண்டு ரேமும் சேர்ந்து வேலை செய்வது) கிடைக்கவில்லை. அதே வேகத்தில் இன்னொரு 8ஜிபி வாங்கி, மதர்போர்டு புத்தகத்தில் சொன்ன ஸ்லாட்டில் போடுங்கள். கார்டு விலையில் சின்னப் பங்கில் வேலை முடிந்துவிடும்.

கடலூர், மஞ்சக்குப்பம்: இன்டெல் ஆர்க் பி580 12ஜிபியோடு மலிவாகக் கிடைக்கிறது, ஆசையாக இருக்கிறது. ரைஸன் 5 2600, பி450 போர்டு.

நல்ல கார்டு, ஆனால் 2600க்கு வேண்டாம். இன்டெல் கார்டுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே தடவையில் எட்ட விடுவது) என்ற வசதி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வேகம் பாதாளத்துக்குப் போகும். ஏஎம்டி பக்கம் ரைஸன் 3000 முதல்தான் இன்டெல் இதை ஏற்கிறது. அது போக, பி580இன் டிரைவர் ப்ராசஸருக்கு அதிக வேலை வைக்கும். பழைய ப்ராசஸரில் பெரிய கார்டின் பலன் தெரியாது.

அதே பி450 போர்டில் பயாஸ் அப்டேட் செய்து ரைஸன் 5 5600 போட்டால் பேச்சே வேறு. அப்போதும் பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய முறையில் பூட் செய்யும் வசதி) அணைக்க வேண்டும். பழைய முறையில் எம்பிஆர் டிஸ்க்கில் விண்டோஸ் போட்டிருந்தால் அணைத்ததும் பூட் ஆகாது. விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கும் முன்னால் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். டிரைவரைப் பற்றிச் சொல்வதென்றால், 2022இல் ஆர்க் வந்தபோது பழைய கேம்கள் திணறின. இன்டெல் விடாமல் உழைத்துப் பெரும்பகுதியைச் சரிசெய்துவிட்டது. மூன்றாவதாக ஒரு கம்பெனி இந்த விலையில் நின்று போட்டி போடுவது நமக்கெல்லாம் நல்லது, அது நிலைக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

நெய்வேலி: ஆர்எக்ஸ் 580 8ஜிபி ஆன்லைனில் புதுசு என்று மலிவாகப் போட்டிருக்கிறார்கள்.

வேண்டாம். அவற்றில் பல '2048எஸ்பி' வகை. அசல் 580இல் 2304 கோர், இதில் 2048தான். பல கார்டுகள் கிரிப்டோ நாணய மைனிங்கில் இரவு பகலாக ஓடி, 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றதும் சந்தைக்கு வந்தவை. டிரைவர் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

காலாப்பட்டு: அண்ணா, நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். பிளெண்டரில் 3டி வேலை, ராத்திரி கேம். தோழிகள் ஏஎம்டி வாங்கச் சொல்கிறார்கள்.

பிளெண்டர்தான் முதல் வேலை என்றால் என்விடியாவிலேயே இரும்மா. பிளெண்டரில் ஏஎம்டிக்கு ஹிப் என்ற வழி இருக்கிறது, வேலை செய்யும். ஆனால் என்விடியாவின் ஆப்டிக்ஸில் ரெண்டர் முடிகிற வேகம் அதற்கு வராது. கூடவே வருகிற மற்ற மென்பொருள்கள் சில என்விடியாவுக்கே உரிய குடா இருந்தால்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும். பட்ஜெட் குறைவென்றால் ஆர்டிஎக்ஸ் 3060 12ஜிபியைத் தேடிப் பார். கேமில் 4060தான் வேகம், ஆனால் அதில் 8ஜிபிதான். பெரிய சீன் ஒன்று அந்த 8க்குள் அடங்காதபோது ரெண்டர் தவழ ஆரம்பிக்கும், சில சமயம் நின்றேவிடும்.

நெல்லிக்குப்பம்: ஆர்டிஎக்ஸ் 2060 வைத்திருக்கிறேன். ஆர்எக்ஸ் 7600க்கு மாறினால் என்விடியாவின் அப்ஸ்கேலர் (சின்னப் படத்தைப் பெரிதாக்குவது) டிஎல்எஸ்எஸ் போய்விடுமே, ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் ஈடுகட்டுமா?

ஈடுகட்டாது என்பதுதான் என் அபிப்பிராயம். 1080பி மானிட்டரில் குவாலிட்டி மோட் போட்டால் கேம் உள்ளே 720பியில்தான் வரையும், மீதியை அப்ஸ்கேலர் ஊகித்து நிரப்பும். அவ்வளவு குறைந்த விவரத்திலிருந்து நிரப்பும்போது எஃப்எஸ்ஆர் 3இல் முள்வேலி, தலைமுடி, தூரத்து மரக்கிளை எல்லாம் நெளிவது கண்ணுக்குத் தெரியும். டிஎல்எஸ்எஸ்ஸின் 2025ஆம் வருட மாடல் உங்கள் 2060லேயே ஓடுகிறது. தரத்தில் அதற்குப் பக்கத்தில் வருவது எஃப்எஸ்ஆர் 4, அது ஆர்எக்ஸ் 9000 வரிசைக்காக வந்தது. ஆகவே ஏஎம்டிக்குப் போவதென்றால் 7600ஐத் தாண்டி 9060 எக்ஸ்டிக்குப் போங்கள். காசு சேரும் வரை 2060 இருக்கட்டும்.

பண்ருட்டி: மானிட்டரில் ஜி-சிங்க் (கார்டின் வேகத்துக்கு மானிட்டரை ஒத்துப்போக வைப்பது) என்று போட்டிருக்கிறது. ஏஎம்டி கார்டில் வேலை செய்யுமா?

'ஜி-சிங்க் கம்பாட்டிபிள்' என்றால் செய்யும், உள்ளே இருப்பது எல்லோருக்கும் பொதுவான அடாப்டிவ் சிங்க்தான். என்விடியாவின் மாட்யூல் வைத்த பழைய மானிட்டர் என்றால் படம் வரும், சிங்க் வராது.

ரெட்டியார்பாளையம்: லினக்ஸில் கேம் ஆட எது?

ஏஎம்டி. டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலோடும், மேசா என்ற கிராபிக்ஸ் மென்பொருளோடும் சேர்ந்தே வருகிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம்.

தேவனாம்பட்டினம்: வீடு கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம். இரண்டு வருடத்தில் இரண்டு கார்டு போய்விட்டது. எந்தக் கம்பெனி கார்டு உப்புக்காற்றைத் தாங்கும்?

எதுவும் தாங்காது. கார்டைக் கழற்றி, மானிட்டர் கேபிள் சொருகும் பக்கத்து இரும்புப் பட்டையைப் பாருங்கள். ஸ்க்ரூ தலையில் செம்பழுப்பாகத் துரு இருக்கும், போர்ட்டுக்குள் பச்சையாகப் பூத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. உப்புத்தூசி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதன் மேல் கரன்ட் பாயும்போது அரிப்பு வேகமாகும். கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள், தரையில் வைக்காதீர்கள். காற்று உள்ளே வரும் பக்கம் தூசி ஃபில்டர் போட்டு அடிக்கடி துடையுங்கள். தினம் கொஞ்ச நேரமாவது சிஸ்டத்தை ஓட விடுங்கள், அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் மூடி வைத்துவிட்டுத் திடீரென்று ஆன் செய்வதில்தான் பல கார்டுகள் போகின்றன. கனெக்டரின் தங்க முனைகளை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். ரப்பரால் தேய்த்தால் பூச்சு போய்விடும்.

முதலியார்பேட்டை: புது கார்டு போட்டதிலிருந்து கேம் நடுவில் கரன்ட் போனால் யூபிஎஸ் 'பீப்' என்று கத்திவிட்டு உடனே அணைகிறது. முன்பு பத்து நிமிடம் நின்றது.

600விஏ யூபிஎஸ்ஸாக இருக்கும். பின்னால் பாருங்கள், 360 வாட் என்று போட்டிருப்பார்கள். சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தொட்டால் யூபிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். பேட்டரியும் பழசென்றால் இன்னும் சீக்கிரம். 1000விஏக்குக் குறையாமல் வாங்குங்கள். கரன்ட் போனதும் கேமை சேவ் செய்து அணைப்பதற்குத்தான் யூபிஎஸ், தொடர்ந்து ஆடுவதற்கு இல்லை.

திருப்பாதிரிப்புலியூர்: கார்டை எங்கே வாங்கலாம்? பாண்டியில் வரி கம்மி என்கிறார்கள், சிலர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகச் சொல்கிறார்கள்.

பாண்டியில் வரி கம்மி என்பது 2017இல் ஜிஎஸ்டி வருவதற்கு முந்தைய பேச்சு. இப்போது கார்டுக்கு எங்கே போனாலும் 18 சதவீதம்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் விலை குறையலாம். பஸ் செலவையும், நாளைக்குப் பழுதென்றால் திரும்ப அலைவதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எங்கே வாங்கினாலும் கார்டின் சீரியல் நம்பரை பில்லில் எழுதி வாங்குங்கள், டப்பா மேல் இருப்பதும் கார்டின் பின்பக்கம் ஒட்டியிருப்பதும் ஒன்றுதானா என்று கடையிலேயே சரிபாருங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். வாரன்டி எத்தனை வருடம், சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், கார்டை அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்பதைக் காசு கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். வெப்பத்தாள் பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.