பெரிய மெஷின் வேண்டாம், முதலில் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: தாம்பரத்தில் குடியிருக்கிறேன். மதுராந்தகம் பக்கம் இரண்டு ஏக்கரில் வேர்க்கடலை. காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் தை மாதம் பாரிமுனையில் சோலார் வேலி மெஷின் வாங்கிப் போட்டோம். அப்போது ஷாக் நன்றாக இருந்தது. சித்திரையில் பன்றி சர்வசாதாரணமாக உள்ளே வருகிறது. மெஷினில் 'டிக் டிக்' சத்தம் மட்டும் குறையவில்லை. கடைக்காரர், "ஜூல் (ஷாக்கின் சக்தி) பத்தலை சார், பெருசா எடுத்துக்கோங்க" என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: காசை எடுக்காதீர்கள். தையில் அடித்த மெஷின் சித்திரையில் அடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் மண் மேல்தான். கம்பியில் வரும் மின்சாரம் பன்றியின் காலில் இறங்கி, மண் வழியே, மெஷினோடு இணைத்து மண்ணில் அடித்த எர்த் ராடுக்குத் திரும்பினால்தான் ஷாக். மண் காய்ந்தால் அந்த வழி அடைபடும்.

மெஷினை நிறுத்திவிட்டு, எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். அநேகமாக இரண்டடிக் கம்பித் துண்டில் சும்மா சுற்றி விட்டிருப்பார்கள். பிரித்தால் உள்ளே துரு உதிரும். பொருத்துகிறவர்கள் மிச்சம் பிடிக்கிற இடமே இதுதான்.

ஆறடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு குறைந்தது மூன்று வேண்டும். பத்தடிக்கு ஒன்றாக இறக்கி, நடுவில் ஒட்டுப்போடாத ஒரே ஜி.ஐ. கம்பியால் கிளாம்ப் போட்டு இணையுங்கள். செம்புக் கம்பி சேர்த்தால் அந்த இடம் அரித்துவிடும். வாய்க்கால் ஓர ஈர மண் நல்லது. ஆனால் மோட்டார் ஷெட்டின் ஈ.பி. எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். உப்பு கொட்டச் சொல்வார்கள், அது ராடைத் தின்றுவிடும்.

சோதிக்க: மெஷினை நிறுத்தி, 100 மீட்டருக்கு அப்பால் வேலியில் சில இரும்புக் கம்பிகளைச் சாய்த்து மண்ணில் ஊன்றுங்கள். ஆன் செய்தால் வேலியில் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். பிறகு கடைசி ராடுக்கும், மூன்றடி தள்ளிக் குத்திய தனிக் கம்பிக்கும் நடுவே அளந்து பாருங்கள். 300 வோல்ட்டைத் தாண்டினால் இன்னொரு ராடு. இதற்கென்று வேலி டெஸ்டர் இருக்கிறது. வீட்டு மல்டிமீட்டரை வைத்தால் புகைந்துவிடும்.

அப்படியும் மசியாத மண் என்றால் ஒன்றுவிட்டு ஒரு கம்பியை எர்த்தோடு சேர்த்துவிடலாம். இரண்டையும் உரசும் பன்றிக்கு மண்ணின் தயவே தேவையில்லை.

ஐப்பசியில் கதை தலைகீழ்: மண் ஈரம், ஆனால் கம்பியில் ஏறும் கொடி மின்சாரத்தை இழுத்துவிடும். அறுத்துவிடுங்கள். இடி மழைக்கு முன்பே வேலி ஒயரைக் கழற்றி வையுங்கள். மின்னலுக்கு வாரண்டி உண்டா என்று கார்டில் பொடி எழுத்தைப் படியுங்கள். பேட்டரி டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடியைத் துடைத்து வாஸ்லின் தடவினால் போதும்.

காப்புக்காடு அருகில் என்றால் 2023-இல் வந்த மின்வேலி விதிகளின்படி பதிவு தேவையா என்று வனத்துறையில் கேளுங்கள். "மெஷினே எதுக்கு, நேரா ஈ.பி. லைனைக் குடுத்துடலாம்" என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மெஷின் நொடிக்கு ஒரு தரம் தட்டி விடும், கையை எடுத்துக்கொள்ளலாம். ஈ.பி. லைன் பிடித்தால் விடாது.