மிக்ஸி செத்துவிட்டதா, மயங்கிக் கிடக்கிறதா?

மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் பழுது பார்ப்பதுதான் என் தொழில். புதிது வாங்காமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள். முதலில் ஒன்று: பிளக்கைப் பிடுங்காமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

கே: சட்னி அரைக்கும்போது மிக்ஸி பொசுக்கென்று நின்றுவிட்டது. எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாமா அண்ணா?

ப: அவசரப்படாதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கும், ஓவர்லோடு ஸ்விட்ச். சுமை தாங்காமல் அது மின்சாரத்தைத் துண்டித்திருக்கலாம். பத்து நிமிடம் ஆறவிட்டு அழுத்துங்கள். போன வாரம் ஒரு அம்மா "செத்துப்போச்சு தம்பி" என்று கட்டைப்பையில் தூக்கி வந்தார். பொத்தானை அழுத்தினேன், ஓடியது. காசு வாங்க மனசு வரவில்லை. அதற்கும் அசையவில்லை என்றால் கார்பன் பிரஷ், அதாவது மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டு, தேய்ந்திருக்கும். ஜோடியாக மாற்றுங்கள்.

கே: மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை.

ப: மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்துவிட்டது. ஒரு மசால் தோசைக் காசுதான்.

கே: என் மிக்ஸியும் திடீரென நின்றுவிட்டது...

ப: மேலே உள்ள முதல் பதிலைப் படியுங்கள்.

கே: டிவியில் கோடு விழுகிறது.

ப: எனக்குத் தெரியாத வேலை. டிவி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கே: கையால் தள்ளினால்தான் ஃபேன் கிளம்புகிறது.

ப: பெரும்பாலும் கெப்பாசிட்டர், ஃபேனைக் கிளப்பிவிடும் சின்ன பாகம், போயிருக்கும். பழையதில் 2.5 என்று இருந்தால் அதே 2.5 மைக்ரோஃபாரட் வாங்குங்கள். மெயினை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

கே: பழைய ஃபேனைக் கட்டி அழுவது சிக்கனமா? அது 75 வாட் இழுக்கிறது, பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் ஃபேன் 30 வாட்தான். உங்கள் பிழைப்புக்காகப் பேசாதீர்கள்.

ப: சரி, கணக்கே போடுவோம். தினம் பத்து மணி நேரம் ஓடும் ஹால் ஃபேன் என்றால் வருடத்துக்கு 164 யூனிட் மிச்சம். அதை மாற்றுங்கள், நானே மாட்டித் தருகிறேன். பூஜை அறையில் தினம் அரை மணி நேரம் ஓடுவதை மாற்றினால் மிச்சம் வெறும் 8 யூனிட். அதற்குப் போட்ட காசை எப்போது எடுப்பீர்கள்?

கே: அப்போ ஒத்துக்கொள்கிறீர்கள்!

ப: ஹாலுக்கு மட்டும். ஆனால் பிஎல்டிசி உள்ளே ஒரு எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. அது போனால் கெப்பாசிட்டர் மாற்றுவதுபோல ஐந்து நிமிடத்தில் முடியாது. அந்த மாடலுக்கு போர்டு கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கே: ஆடித் தள்ளுபடியில் பழைய மிக்ஸிக்கு 500 ரூபாய் தருகிறார்கள்.

ப: பழையதில் என்ன குறை?

கே: ஒன்றுமில்லை. சின்ன ஜார் ஒழுகுகிறது.

ப: ஜாருக்கு புஷ்ஷும் வாஷரும் மாற்றினால் போதுமே! எக்ஸ்சேஞ்ச் என்றதும் ஓடாதீர்கள், எத்தனை தடவை சொல்வது?

கே: சார், அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸி...

ப: கவிழ்த்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு.