அலமோவோடு முடியவில்லை: டெக்ஸஸ் விடுதலைப் போர் குறித்து வாசகர் கேள்விகள்

டெக்ஸஸ் 1835-36இல் மெக்சிகோவிடமிருந்து பிரிந்த போரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், சான் ஆன்டோனியோ ஊரருகே டெக்ஸஸ் வீரர்கள் தற்காத்த அலமோ என்ற பழைய தேவாலய வளாகத்தின் முற்றுகையைப் பற்றியவை. சரணடைந்த டெக்ஸஸ் வீரர்கள் கொல்லப்பட்ட கோலியாட் ஊரைப் பற்றிக் கேட்டவர் ஒருவர்தான். அவருக்கே நீளமான பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: அமெரிக்கா 1776இலேயே விடுதலைப் பிரகடனம் செய்துவிட்டது. அப்புறம் டெக்ஸஸுக்கு மட்டும் தனியாக என்ன விடுதலைப் போர்? (கோயம்புத்தூர் வாசகர்)

அப்போது டெக்ஸஸ் அமெரிக்காவில் இல்லை. மெக்சிகோவின் வடகிழக்கு எல்லைப்புறம். ஆள் குறைவான அந்த மண்ணில் குடியேற அமெரிக்கர்களுக்கு மெக்சிகோவே நிலம் கொடுத்தது. வந்தவர்கள் பெருகியதும் கவலைப்பட்டு, 1830 ஏப்ரல் 6ஆம் தேதிச் சட்டத்தால் குடியேற்றத்தைத் தடுத்தது. அதிபர் சான்டா அன்னா மாநிலங்களுக்கு உரிமை தந்த 1824 அரசமைப்பைக் கைவிட்டு, அதிகாரம் முழுவதையும் தலைநகரில் குவித்தபோது பல மாநிலங்களில் கிளர்ச்சி வெடித்தது. டெக்ஸஸ் அவற்றில் ஒன்று. தொடக்கத்தில் பலர் கேட்டது பழைய அரசமைப்பைத்தான். தனிநாடு என்ற பிரகடனம் 1836 மார்ச் 2இல்தான் வந்தது.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்தது. டெக்ஸஸுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. பருத்தித் தோட்டக்காரர்களுக்கு அந்த விலக்கு எத்தனை நாள் நீடிக்கும் என்ற அச்சம் இருந்துகொண்டே இருந்தது. 1836இல் எழுதப்பட்ட டெக்ஸஸ் குடியரசின் அரசமைப்பு, அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே இல்லை என்றது. இதை விட்டுவிட்டு இந்தப் போரை நினைவுகூர்வது பாதி நினைவுதான்.

கேள்வி: முதல் சண்டை ஒரு பீரங்கிக்காக நடந்தது என்பது உண்மையா? (திருச்சி வாசகர்)

உண்மை. கொமாஞ்சி பழங்குடியினரின் தாக்குதலைச் சமாளிக்க கொன்சாலஸ் என்ற ஊருக்கு 1831இல் மெக்சிகோ அரசு கொடுத்த சிறு பீரங்கி அது. 1835இல் திருப்பிக் கேட்டு நூறு குதிரைப்படை வீரர்களை அனுப்பினார்கள். ஊரார், ‘வந்து எடுத்துக்கொள்’ என்று துணியில் எழுதிக் கொடியாக உயர்த்தினார்கள். அக்டோபர் 2ஆம் தேதி கொஞ்ச நேரம் சுட்டுக்கொண்டதும் மெக்சிகோ படை திரும்பிவிட்டது. சண்டையாகப் பார்த்தால் அற்பம்தான். ஆனால் அதன் பிறகு பின்வாங்க இரு தரப்புக்கும் இடமில்லாமல் போயிற்று.

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு டெக்ஸஸ் வரலாற்றுப் பாடத்துக்காக அலமோ மாதிரி செய்கிறாள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? (டல்லாஸ் வாசகி)

பெரும்பாலான மாதிரிகளில் முதல் பிழை, நடுவில் வளைந்து உயரும் அந்தப் புகழ்பெற்ற முகப்பு. 1836இல் அது கிடையாது. அமெரிக்க ராணுவம் கட்டடத்தைக் கிடங்காகப் பயன்படுத்திய காலத்தில், 1850இல் கூரை போட்டபோது சேர்த்தது. போர் நடந்தபோது முகப்பின் மேல்விளிம்பு முடிக்கப்படாமல் தட்டையாக நின்றது. தேவாலயத்துக்குக் கூரையும் இல்லை.

இரண்டாவது பிழை, தேவாலயத்தை மட்டும் செய்வது. தற்காக்கப்பட்டது ஏறத்தாழ மூன்று ஏக்கர் வளாகம். தேவாலயம் தென்கிழக்கு மூலையில் ஒதுங்கி நின்றது. நீண்ட முற்றத்தின் கிழக்கே நீள் பாசறை, தெற்கே வாயிலோடு கூடிய தாழ்ந்த பாசறை, மேற்கே மண் செங்கல் வீடுகளின் வரிசை. தேவாலயத்துக்கும் தாழ்ந்த பாசறைக்கும் இடையே சுவரே இல்லாததால் மரக்கம்பங்களை நட்டு வேலி போட்டு அடைத்திருந்தார்கள். புகழ்பெற்ற எல்லைப்புற வேட்டைக்காரர் டேவிட் க்ராக்கெட் நின்றதாக மரபாகச் சொல்லப்படுவது அந்த இடம்தான். வடக்குச் சுவர் இடிந்து, மரக்கட்டையும் மண்ணும் கொண்டு முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. 18 பவுண்டு குண்டு சுடும் பெரிய பீரங்கி தென்மேற்கு மூலையில், ஊரைப் பார்த்தபடி. கொடி வைப்பதானால் டெக்ஸஸ் பக்கம் போரிட்ட ‘நியூ ஆர்லியன்ஸ் கிரேஸ்’ தன்னார்வப் படைப்பிரிவின் நீலக்கொடியை வைக்கலாம். மெக்சிகோ படை அங்கே கைப்பற்றியது அது.

வளாகத்தை முழுதாகச் செய்தால், ஏன் விழுந்தது என்பதும் மகளுக்கு விளங்கும். அவ்வளவு நீளமான சுற்றுச்சுவரைக் காக்க இருந்தவர்கள் சுமார் இருநூறு பேர். கோட்டைகளின் மூலைகளில் வெளியே நீண்டு நிற்கும் முனைக்கொத்தளங்கள் இல்லாததால், சுவரடியை ஒட்டி வந்துவிட்டவனைச் சுட வேண்டுமானால் தலையை வெளியே நீட்டித்தான் சுட வேண்டும். பீரங்கி வாயையும் அவ்வளவு கீழே சாய்க்க முடியாது. முற்றுகையின் 13ஆம் நாள், மார்ச் 6 விடியுமுன், நான்கு பிரிவுகளாக வந்த மெக்சிகோ வீரர்கள் வடக்குச் சுவரின் முட்டுக்கட்டைகளையே படியாக்கி ஏறினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. தளபதி வில்லியம் ட்ராவிஸ் தொடக்கத்திலேயே வடக்குச் சுவரில் விழுந்தார். நான்கு நாள் முன்பு விடுதலை பிரகடனமானது உள்ளே இறந்தவர்களுக்குத் தெரியாது.

ட்ராவிஸ் வாளால் மண்ணில் கோடு கிழித்து, சாகத் துணிந்தவர்கள் தாண்டி வாருங்கள் என்றாராம். அந்தக் கதை அச்சில் வந்ததே 1873இல்தான். மாதிரியில் அந்த மண்கோடு வேண்டாம்.

கேள்வி: கோலியாடில் சரணடைந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அவ்வளவு பேர் எப்படி அகப்பட்டார்கள்? (யாழ்ப்பாணம் வாசகர்)

அலமோவில் இறந்தவர்களைவிட அதிகம் பேர் கோலியாடில் இறந்தார்கள். ஆனாலும் திரைப்படமும் பாட்டும் அலமோவுக்கே போய்விட்டன. ஒரு படை எப்படி அழிகிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள் இதைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும்.

கோலியாடின் லா பாயியா கோட்டையில் ஜேம்ஸ் ஃபானின் தலைமையில் டெக்ஸஸின் பெரிய படை இருந்தது. அலமோ விழுந்ததும் விக்டோரியா ஊருக்குப் பின்வாங்கும்படி டெக்ஸஸ் படைத்தலைவர் சாம் ஹூஸ்டன் உத்தரவிட்டார். ஆனால் ஃபானின் அதற்குள், குடியேறிகளைக் காப்பாற்ற ரெஃப்யூகியோ என்ற ஊருக்கு இரண்டு பிரிவுகளை அனுப்பியிருந்தார். அவை திரும்பும் என்று காத்ததில் நாட்கள் போயின. அவை திரும்பவே இல்லை.

மார்ச் 19 காலை மூடுபனியில் சுமார் முந்நூறு பேருடன் புறப்பட்டார். விட்டுவர மனமில்லாமல் ஒன்பது பீரங்கிகளை மாட்டுவண்டியோடு இழுத்துவந்தார்; சாப்பாடோ மிகக் குறைவு. மாடுகள் பசியால் தள்ளாடின. வண்டி ஒன்று உடைந்தது. நடுவழியில் மாடுகளை மேயவிட நிறுத்தினார். நீரும் மர நிழலும் இருந்த கொலெட்டோ ஓடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும்போதே மெக்சிகோ ஜெனரல் ஹோஸே உர்ரேயாவின் குதிரைப்படை குறுக்கே வந்துவிட்டது. படை நின்றது திறந்த புல்வெளியில், அதுவும் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்வான இடத்தில்.

சதுர வடிவில் மூன்று வரிசையாக நின்று, மூலைகளில் பீரங்கி வைத்து, பொழுது சாயும்வரை ஒவ்வொரு பாய்ச்சலையும் முறியடித்தார்கள். அந்த மனிதர்களின் துணிவில் குறை சொல்ல எதுவும் இல்லை. தோற்கடித்தது தண்ணீர். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஈரத்துடைப்பத்தால் பீரங்கிக் குழலை உள்ளே துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிஞ்சிய கங்கு, அடுத்த வெடிமருந்துப் பையைக் கெட்டிக்கும்போதே பற்றி, கெட்டிப்பவனின் கையைக் கொண்டுபோய்விடும். துடைக்க நீரில்லை, குழல்கள் சூடேறின, பீரங்கிகள் ஓய்ந்தன. காயம்பட்டவர்கள் இரவு முழுக்கத் தண்ணீர் கேட்டார்கள். இருட்டில் தப்பியிருக்கலாம். ஆனால் வண்டி மாடுகள் செத்துவிட்டதால் காயப்பட்டவர்களை ஏற்றிச்செல்ல வழியில்லை. அவர்களை விட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். காலையில் உர்ரேயாவுக்குப் பீரங்கிகள் வந்துசேர்ந்தன. ஃபானின் சரணடைந்தார்.

போர்க்கைதிகளாக நடத்தப்படுவோம் என்று வீரர்கள் நம்பினார்கள். ஆனால் 1835 டிசம்பர் 30இல் மெக்சிகோ பிறப்பித்த ஆணை, ஆயுதத்தோடு பிடிபடும் வெளிநாட்டவரைக் கடற்கொள்ளையராகவே கருதச் சொன்னது. உர்ரேயா கருணை காட்டக் கேட்டும் சான்டா அன்னா மறுத்தார். மார்ச் 27, குருத்தோலை ஞாயிறு. விறகு பொறுக்க என்றும் ஊருக்கு அனுப்ப என்றும் சொல்லி மூன்று பாதைகளில் நடத்திச் சென்று, சிறிது தூரத்தில் நிறுத்திச் சுட்டார்கள். நடக்க முடியாதவர்களைக் கோட்டைக்குள்ளேயே கொன்றார்கள், கடைசியில் ஃபானினை. இறந்தவர்கள் சுமார் 340 பேர். ஓடித் தப்பியவர்கள் 28 பேர். மெக்சிகோ அதிகாரி ஒருவரோடு வந்திருந்த ஃபிரான்சிஸ்கா அலவேஸ் என்ற பெண் சிலரை மறைத்துக் காப்பாற்றினார். அவரைக் ‘கோலியாடின் தேவதை’ என்று இன்றும் அங்கே போற்றுகிறார்கள். எலும்புகளைத் திரட்டிப் புதைக்க ஜூன் 3 ஆயிற்று.

கேள்வி: அந்தக் காலத் துப்பாக்கியால் நிமிடத்துக்கு எத்தனை முறை சுட முடியும்? (திண்டுக்கல் வாசகர்)

பழகிய கை, மஸ்கெட் என்ற நீள்குழல் துப்பாக்கியில் மூன்று முறை. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய ‘குதிரை’ என்ற சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்த வேண்டும். காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, குழலின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணியில் சிட்டிகை வெடிமருந்து போட்டு மூட வேண்டும். மீதி மருந்தையும் ஈயக்குண்டையும் காகிதத்தோடு குழலில் போட்டுக் கம்பியால் கெட்டித்து, கம்பியைத் திரும்பச் செருக வேண்டும். குதிரையை முழுதாக இழுத்துச் சுட வேண்டும். பதற்றத்தில் கம்பியை எடுக்க மறந்து அதையும் சேர்த்துச் சுடுவது சாதாரணம். சக்கிமுக்கிக் கல் மழுங்கினால் பொறி வராது. மழை பெய்தால் கிண்ணி மருந்து நனையும். கிண்ணியிலிருந்து குழலுக்குள் நெருப்பு போகும் பக்கத்துளை அடைத்தால் கிண்ணி மட்டும் பற்றி எரிந்து, குண்டு உள்ளேயே நிற்கும்.

மெக்சிகோ காலாட்படையிடம் இருந்தவை பெரும்பாலும் பிரிட்டனிடம் வாங்கிய பழைய ‘பிரவுன் பெஸ்’ மஸ்கெட்டுகள். அவற்றில் ‘இந்தியா பேட்டர்ன்’ என்ற வகை முதலில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளுக்காகச் செய்யப்பட்டது. வழுவழுப்பான குழல், அதைவிடச் சிறிய குண்டு; நூறு கெஜம் தாண்டினால் குறி நிற்காது. டெக்ஸஸ் தரப்பில் பலரிடம் இருந்த வேட்டை ரைஃபிளின் குழலில் திருகுபள்ளம் உண்டு. இருநூறு கெஜத்திலும் ஆளைக் குறிவைக்கலாம். ஆனால் குண்டைத் துணியில் சுற்றி இறுக்கி இறக்க வேண்டியிருந்ததால் நிமிடத்துக்கு ஒரு முறைதான். பயனெட் என்ற துப்பாக்கிமுனைக் கத்தியைப் பொருத்தவும் வழியில்லை.

கேள்வி: சான் ஜசின்டோ போர் 18 நிமிடத்தில் முடிந்தது என்பதை நம்பலாமா? (சென்னை வாசகர்)

டெக்ஸஸுக்கு வெற்றி தந்த சண்டை அது. அணிவகுத்த எதிர்ப்பு அவ்வளவு நேரத்தில் நொறுங்கியது என்பதை நம்பலாம். 1836 ஏப்ரல் 21 மாலை நான்கரை மணி சுமாருக்கு, ஹூஸ்டனின் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் புல்வெளியின் மேட்டு மறைவில் முன்னேறினார்கள். சான்டா அன்னாவிடம் ஆயிரத்து இருநூறுக்கு மேல் இருந்தார்கள். ஆனால் அன்று காலைதான் மெக்சிகோ ஜெனரல் கோஸ் இரவெல்லாம் நடத்திக் கூட்டிவந்த வீரர்கள் அசதியில் உறங்கினார்கள். ஒழுங்கான காவலும் இல்லை. முகாமுக்குப் பின்னால் சதுப்பும் நீரும். தரைவழி தப்பும் பாதையில் இருந்த வின்ஸ் பாலத்தை ஹூஸ்டனின் ஒற்றர் டெஃப் ஸ்மித் முன்பே அழித்துவிட்டார்.

சண்டை 18 நிமிடம், கொலை இருட்டும்வரை. ‘அலமோவை நினை, கோலியாடை நினை’ என்று கத்திக்கொண்டு, சதுப்பில் சிக்கிக் கையை உயர்த்தியவர்களையும் கொன்றார்கள். ஹூஸ்டனின் அறிக்கைப்படி மெக்சிகோ தரப்பில் 630 பேர் மாண்டார்கள், 730 பேர் பிடிபட்டார்கள். டெக்ஸஸ் தரப்பில் ஒன்பது பேர். கோலியாடில் நடந்தது இதை விளக்கும், நியாயப்படுத்தாது.

மறுநாள் சாதாரண வீரனின் உடையில் பிடிபட்ட சான்டா அன்னாவை, கைதிகளே ‘அதிபர்’ என்று கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். டெக்ஸஸில் அப்போதும் மெக்சிகோவின் பெரும்படை தோற்காமல் நின்றது. கைதியாக இருந்து அவர் எழுதிய உத்தரவை ஏற்று, ஜெனரல் ஃபிலிசோலா அதைத் திருப்பி அழைத்துச் சென்றதால்தான் 18 நிமிடம் ஒரு நாடாயிற்று.

கேள்வி: மகன் வீடு ஹூஸ்டனில். மார்ச் கடைசியில் போகிறோம். எந்த வரிசையில் பார்க்கலாம்? (மதுரை வாசகி)

சான் ஆன்டோனியோவில் தொடங்குங்கள். அலமோவின் தேவாலயத்துக்குக் கட்டணம் இல்லை. நேரம் குறித்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அரை நாள் போதும். அங்கிருந்து தென்கிழக்கே காரில் ஒன்றரை மணி நேரத்தில் கோலியாட். கைதிகளை அடைத்துவைத்த தேவாலயத்தில் இன்றும் பூசை நடக்கிறது. கோட்டைக்கு அருகிலேயே கல்லறை நினைவுச்சின்னம். மார்ச் 27ஐ ஒட்டிய வார இறுதியில் பழங்கால உடையில் நிகழ்த்துதலும் நினைவு ஊர்வலமும் நடக்கும். அதற்கேற்ப நாளைக் குறியுங்கள். கொலெட்டோ களம் ஃபானின் என்ற ஊருக்கருகே இருக்கிறது. அங்கே நின்று சுற்றிப் பார்த்தால், ஏன் அந்த இடத்தில் நின்றிருக்கக் கூடாது என்பது தானாகவே புரியும்.

சான் ஜசின்டோ, ஹூஸ்டன் நகர மையத்திலிருந்து அரை மணி நேரம். 567 அடி நினைவுத்தூணில் மின்தூக்கி உண்டு. மேலிருந்து முழுக் களமும் தெரியும். நிலத்தடி நீரை உறிஞ்சியதால் தரை தாழ்ந்து, 1836 கரையின் சில பகுதிகள் நீருக்குள் போய்விட்டன. வரைபடத்தோடு பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

கேள்வி: மெக்சிகோ வம்சாவளியினர் டெக்ஸஸ் பக்கம் நின்றார்களா? அடிமைகளின் நிலை என்ன? (கொழும்பு வாசகர்)

நின்றார்கள். டெஹானோக்கள் எனப்படும் உள்ளூர் மெக்சிகோக்காரர்களில் ஹோஸே அந்தோனியோ நவாரோவும் ஃபிரான்சிஸ்கோ ரூயிஸும் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். அலமோவில் மாண்ட கிரெகோரியோ எஸ்பார்ஸாவின் உடலை, எதிர்ப்படையில் இருந்த அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரே கேட்டு வாங்கி அடக்கம் செய்தார். ஹுவான் செகீனின் பிரிவினர் சான் ஜசின்டோவில், தம் பக்கத்தார் தவறிச் சுட்டுவிடாதபடி தொப்பிப் பட்டையில் அட்டையைச் செருகிக்கொண்டு போரிட்டார்கள். அலமோவில் எரிக்கப்பட்டவர்களின் சாம்பலை 1837இல் மரியாதையோடு அடக்கம் செய்ததும் செகீன்தான். அதே செகீனைத் துரோகி என்று பழித்ததால், 1842இல் அவர் மெக்சிகோவுக்கே ஓட வேண்டியிருந்தது.

ட்ராவிஸின் அடிமையான ஜோ என்ற இளைஞர் அலமோவுக்குள் இருந்து உயிர் பிழைத்தவர். உள்ளே நடந்ததை டெக்ஸஸ் அமைச்சரவைக்கு நேரில் சொன்னார். நமக்குத் தெரிந்தவற்றில் பல அவர் வாக்குமூலத்திலிருந்து வந்தவை. சொல்லி முடித்ததும் அவரை ட்ராவிஸின் சொத்துக் கணக்கிலேயே திரும்பச் சேர்த்தார்கள். 1837 ஏப்ரல் 21, வெற்றியின் முதலாம் ஆண்டு நாளில் அவர் தப்பி ஓடினார். பிடித்துத் தருபவருக்குப் பரிசு என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது.